‘தட்’ போடலாமா, விடலாமா?

கேள்வி: ‘ஐ திங்க் தட் ஹி இஸ் சிக்’ என்று ‘தட்’ சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்கிறார் எங்கள் ஆங்கில டீச்சர். கிரிக்கெட் வர்ணனையில் அந்த ‘தட்’டைக் கேட்பதே அரிது. அவர்கள் சோம்பலில் விடுகிறார்களா? நானும் விடலாமா?
– உயர்தர மாணவி, கட்டுகஸ்தோட்டை

பதில்: சோம்பல் இல்லை, மகள். அடுத்து என்ன வரும் என்று கேட்பவருக்குத் தெரிந்திருந்தால், பேசுபவர் சொல்லைக் குறைத்துக்கொள்கிறார். கண்டியில் பஸ் ஏறி, காசை நீட்டி, “கம்பளை ரெண்டு” என்றால் போதும். ‘டிக்கட்’ என்று சொல்லத் தேவையில்லை. காசை நீட்டுகிறவர் வேறு எதைக் கேட்கப்போகிறார்? ஆனால் மிச்சக் காசு வரவில்லையென்றால் ‘மிச்சம்’ என்ற சொல்லை விட முடியாது. தொகையை மட்டும் சொன்னால் கண்டக்டர் விழிப்பார்.

‘தட்’டும் அப்படித்தான். ‘திங்க்’, ‘கெஸ்’ என்று காதில் விழுந்ததுமே பின்னால் ஒரு வாக்கியம் வரப்போகிறது என்று தெரிந்துவிடும். ‘கன்ஃபர்ம்’ வேறு மாதிரி. அதன் பின்னால் பெரும்பாலும் பெயர்ச்சொல்தான் வரும். ‘த பிரின்சிபல் கன்ஃபர்ம்ட் த டேட் வாஸ் ரோங்’ என்று சொல்லிப் பாருங்கள். அதிபர் திகதியை உறுதிசெய்துவிட்டார் என்று நினைக்கும்போதே ‘வாஸ் ரோங்’ வந்து அர்த்தத்தைத் தலைகீழாக்குகிறது. ‘கன்ஃபர்ம்ட்’டுக்குப் பிறகு ஒரு ‘தட்’ இருந்தால் இந்தத் தடுமாற்றம் இல்லை.

அமெரிக்கர்களின் தொலைபேசி உரையாடல்களை ஆராய்ந்து, புளோரியன் யேகர் 2010இல் இதை நிறுவினார். தகவலை ஓரிடத்தில் குவிக்காமல் சீராகப் பரப்பவே பேசுபவர் முயல்கிறார் என்பது அவர் முடிவு. 1948இல் குளோட் ஷானன் வகுத்த தகவல் கோட்பாடுதான் இதற்கு அடித்தளம். அடுத்த சொல் நாக்குக்கு வரத் தாமதமானாலும் ‘தட்’ வந்து விழும் என்று ஃபெரேராவும் டெல்லும் 2000இல் காட்டியிருக்கிறார்கள். அதையும் மறுப்பதற்கில்லை.

நம் பேச்சையே கவனியுங்கள். “தேத்தண்ணி குடிச்சேன்”, “கொழுந்து எடுத்தாங்க” என்கிறோம். ‘ஐ’ உருபு இல்லை. தேத்தண்ணி யாரையும் குடிக்காது, குழப்பமும் வராது. “தங்கச்சி பார்த்தேன்” என்று மட்டும் சொல்ல மாட்டோம். தங்கச்சியும் பார்க்கக்கூடியவள், அதனால் “தங்கச்சியை” என்றே வாயில் வருகிறது. உயர்திணைப் பெயரில் இந்த உருபு மறையாது என்று தொல்காப்பியர் தொகைமரபிலேயே சொல்லிவிட்டார். ஜப்பானிய மொழியின் செயப்படுபொருள் உருபிலும் இதே போக்கைக் குருமாதாவும் யேகரும் 2015இல் கண்டார்கள். தொல்காப்பியரின் கவனிப்பு எவ்வளவு நுட்பமானது என்று எனக்கு இன்றும் வியப்புத்தான்.

ஆகவே பேச்சில் ‘திங்க்’, ‘கெஸ்’ஸுக்குப் பிறகு தாராளமாக விடுங்கள். பரீட்சைத் தாளில் டீச்சர் சொன்னபடியே போடுங்கள், போட்டால் பிழையில்லை. ‘த பஸ் தட் கேம் லேட்’ போன்ற இடத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அங்கே ‘தட்’தான் எழுவாய்; அதை விட்டால் பரீட்சையில் புள்ளி போகும்.