நாலாம் கற்பனையும் நகோமியும்



பெற்றோரைச் சங்கித்திருக்க வேண்டும் என்னும் நாலாம் கற்பனையை நம் சிறுவர்கள் ஞானோபதேச வகுப்பில் ஒப்பிக்கிறார்கள். சோறும் துணியும் மருந்தும் கொடுத்துவிட்டால் அது நிறைவேறிற்று என்று பெரியவர்களாகிய நாம் எண்ணிவிடுகிறோம்.

மாதத்தின் முதல் வெள்ளியன்று ஒரு வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோகிறேன். (அவர்கள் சம்மதத்தோடே எழுதுகிறேன்.) அங்குள்ள பாட்டி கண்டிச் சீமையில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1948-ம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த அந்தத் தோட்ட மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று 1964 அக்டோபர் 30-ந் தேதி சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் ஒப்பந்தம் செய்தார்கள். தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் தங்கி, வால்பாறையிலே அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார் இவர். கூடப் பிறந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். தாய்நாடு என்று வந்தவரை இங்கே "சிலோன்காரி" என்றார்கள். மகனுக்கு வேலை இங்கே; ஆகவே இப்போது நம்மூரில் இருக்கிறார்.

மகனும் மருமகளும் தங்கமானவர்கள். ஆனால் கீரை ஆயக்கூட விடுவதில்லை. "நீங்க சும்மா இருங்கம்மா" என்பார்கள். அவர் தேத்தண்ணி என்றால் பேரன் சிரிக்கிறான். "சாமி, ஒரு கொறையும் இல்ல, ஒரு வேலையும் இல்ல" என்றார் என்னிடம்.

ரூத் ஆகமத்தை வாசியுங்கள், நாலே அதிகாரம். பஞ்சம் பிழைக்க மோவாப் தேசம் போய், கணவனையும் இரு புதல்வரையும் அங்கே பறிகொடுத்துப் பெத்லகேம் திரும்பியவள் நகோமி. தன்னைக் கசப்பு என்றே அழைக்கும்படி ஊராரிடம் சொன்னாள். மருமகள் ரூத் கதிர் பொறுக்கி, தான் உண்டு மீந்ததையும் மாமியாருக்குக் கொண்டுவந்தாள். பதினைந்து வருஷமாக என் பிரசங்கம் இதோடே நின்றுபோயிற்று. மீதிப் பாதியை நான் சொன்னதேயில்லை. போவாஸ் இன்ன உறவு, நீ இன்னபடி நடந்துகொள் என்று மருமகளுக்கு வழி சொன்னவள் நகோமி. பிறந்த குழந்தையை மடியில் எடுத்து வளர்த்தவளும் அவளே. ரூத் அவளைச் சும்மா உட்காரச் சொல்லவில்லை.

வயோதிகர்களுக்கும் ஒரு வார்த்தை. உழைத்துப் பிழைத்த உங்களுக்குப் பிறர் கையைப் பிடித்து நடப்பது வெட்கமாயிருக்கலாம். நம் ஆண்டவர் சிலுவைப் பாதையில் சிரேனே ஊரிலிருந்து வந்த சீமோனுடைய தோளை ஏற்றுக்கொண்டார். இரவில் வழுக்கி விழுந்ததைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள்.

வருகிற ஞாயிறு வகுப்புக்கு வரும் சிறுவர்கள், பாட்டன் பாட்டியிடம் மூன்று காரியம் கேட்டு எழுதிவரவும்: பிறந்தது எந்த ஊர் அல்லது தோட்டம், இங்கே வந்தது எந்த வழியாக, பிரிந்துவந்தது யாரை. எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்கமாட்டேன்.