பூச்சந்தைக் குப்பையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்

மைசூரு தேவராஜ மொஹல்லாவில், கடை கட்டும் நேரத்தில் தேவராஜா மார்க்கெட்டின் பூக்கடைப் பக்கம் போனால், விற்காத செவ்வந்தியும் கிள்ளிப்போட்ட காம்பும் வாழைநாரும் குவிந்து கிடப்பதைப் பார்க்கலாம். அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் யோசனை இதுதான்: சுற்றுச்சூழல் மன்றத்தை அந்தக் குவியலை உரமாக்குவதிலிருந்து தொடங்குங்கள். உறுதிமொழியிலும் ஊர்வலத்திலும் பதினைந்து வயதுப் பிள்ளை முடிவெடுக்க என்ன இருக்கிறது? பொறுப்பைக் கையில் கொடுத்தால்தான் அந்த வயது ஒட்டும்.

முதலில் பெற்றோர் சம்மதம், தலைமையாசிரியர் அனுமதி. கடைக்காரர்களிடம் பிள்ளைகளே பேசட்டும். காலை வியாபாரத்தின் நடுவே போகாமல், கூட்டம் ஓய்ந்த மதியத்தில் போகச் சொல்லுங்கள். நான்கைந்து கடைகள் போதும்.

அடுத்த ஒரு வாரம் உரத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். எடை மட்டும் போடட்டும். ஒரு தொங்கு தராசு, ஒரு நோட்டு, கையுறை போதும். வெள்ளிக்கிழமைக்கு எவ்வளவு, சாதாரண நாளுக்கு எவ்வளவு என்று தாங்களே எழுதிய எண் ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிட ஆழமாகப் பதியும். இதே வாரத்தில் கும்பாரகொப்பலில் குப்பையைப் பிரித்து உரமாக்கும் மையத்தையும் காட்டிவிடுங்கள். 2015, 2016 தூய்மைத் தரவரிசைகளில் மைசூரு நாட்டிலேயே முதலிடம் பிடித்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட வேலை இருந்தது என்று அங்கே புரியும்.

பிரிப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். பூமாலையில் ஜிகினா இருக்கும், குண்டூசி இருக்கும், நைலான் நூல் இருக்கும். வாழைநார் மக்கிவிடும், நைலான் மக்காது. அவசரப்பட்டால் உரத்தில் ஊசி வரும்.

பிறகு குழி அல்லது துளையிட்ட டிரம். ஒரு பங்கு பூவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு, மேலே கொஞ்சம் பழைய உரமோ சாணமோ. பெருக்கிக் கொளுத்தும் தெருச்சருகை இதற்காக மூட்டை கட்டி வைக்கலாம். வாரம் ஒருமுறை கிளற வேண்டும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், நீர் ஒழுகக் கூடாது. நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது அல்லது காற்று போகவில்லை. காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். நோட்டைப் புரட்டி அவர்களே கண்டுபிடிக்கட்டும். இரண்டு மூன்று மாதங்களில் கறுத்து, மண்வாசனை வரும்.

பூவுக்கு மருந்து அடித்திருப்பார்கள். அதனால் இந்த உரத்தைக் கீரைப் பாத்திக்குப் போடாமல் மரக்கன்றுக்கும் பூச்செடிக்கும் போடுவது நல்லது. ஒரு பை உரத்தை அதே கடைக்காரரிடம் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். மறுமுறை அவரே நூலையும் ஊசியையும் தனியாக எடுத்து வைக்கக்கூடும்.

மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைப் பக்கத்துப் பள்ளிக்கும் இந்த முறை பொருந்தும்.

பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்கினால் வேலை நின்றுவிடும். எனவே நோட்டும் தராசும் டிசம்பருக்குள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைக்குப் போய்விட வேண்டும். முதல் இரண்டு வாரம் மூத்தவர்கள் கூட நின்று கற்றுக்கொடுக்கட்டும்.