நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

"மூச்சு இழுக்குதா? நீல இன்ஹேலரை ரெண்டு தடவை அடிச்சா சரியாயிடும்!" ஆஸ்துமாக்காரர் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. தீர்ந்துபோனால், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி வந்துவிடுகிறோம். இது சரிதானா?

அதில் இருக்கும் சல்பியூட்டமால், சுருங்கிய மூச்சுக்குழாயைச் சில நிமிடங்களில் விரித்துவிடும். ஆனால், நாலு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். குழாயின் உட்புற வீக்கம் அப்படியேதான் இருக்கும். அந்த வீக்கத்தைத் தணிப்பது, டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு இன்ஹேலர். 'ஐயோ, ஸ்டீராய்டாச்சே!' என்று பயந்து பலர் நிறுத்திவிடுவது இதைத்தான்! மருந்து நேராக நுரையீரலுக்குப் போவதால், மிகக் குறைந்த அளவே போதும். உறிஞ்சியதும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். வாயில் வெள்ளை படிவது குறையும்.

பெரியவர்களும் 12 வயதைத் தாண்டிய பிள்ளைகளும் சல்பியூட்டமாலை மட்டுமே நம்பியிருக்கக் கூடாது என்று, 'ஜீனா' என்ற சர்வதேச ஆஸ்துமா அமைப்பு 2019-ல் அறிவித்தது.

நீங்களே கணக்குப் பாருங்கள். ஒரு டப்பாவில் பொதுவாக 200 தடவைக்கான மருந்து இருக்கும். வருஷத்துக்கு மூன்று டப்பா தீர்ந்தாலே, கடுமையான இழுப்பு வரும் ஆபத்து அதிகம். மாதம் ஒன்று தீர்ந்தால், உயிருக்கே ஆபத்து கூடுகிறது.

அதற்காக நீல இன்ஹேலரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவசரத்துக்கு அது கையில் இருக்கட்டும். அடித்தும் மூச்சுத் திணறல் குறையவில்லையா, பேசவே முடியவில்லையா? உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மற்றபடி, அடுத்த டப்பா வாங்குமுன் டாக்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்!