அசல் பக்கம் எங்கே? இணையத் தேடலுக்கும் பதிவிறக்கத்துக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் வேலைக்கு ஆள் தேடுவது ரப்பர் கடையானாலும் மருத்துவமனையானாலும் டிராவல்ஸ் ஆனாலும், ‘கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும்’ என்ற வரி தவறாமல் வந்துவிடுகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்த வரியின் பொருள் விளங்கிவிடும். “இன்னைக்கு ஷீட் விலை என்ன, பார்த்துச் சொல்லு.” “அந்தச் சுற்றறிக்கையை எடுத்து பிரிண்ட் போடு.” “போன மாசம் டவுன்லோட் பண்ணின ஃபைல் எங்க கிடக்கு மக்கா?”

தேடுவது, இறக்குவது, இறக்கியதை மறுபடி கண்டுபிடிப்பது. அன்றாட அலுவலக வேலையில் பாதி இதுதான். மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு விதி போதும்: தகவலை யார் வெளியிட்டார்களோ, அவர்கள் பக்கத்திலிருந்தே எடுங்கள். ரப்பர் விலை வேண்டுமா? கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ரப்பர் வாரியம் ஆர்எஸ்எஸ் 4, ஆர்எஸ்எஸ் 5 என்னும் ரப்பர் ஷீட் தரங்களுக்கான சந்தை விலையைத் தன் தளத்தில் வெளியிடுகிறது. வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றும் படத்தில் தேதி இருக்காது. வாரியத்தின் பக்கத்தில் இருக்கும். முதலாளிக்கு வேண்டியது தேதியுள்ள விலை.

அந்த அசல் பக்கத்துக்குப் போய்ச் சேரும் வழிகளைப் பார்ப்போம்.

1. அரசு எழுதும் பெயரைத் தட்டுங்கள்

நாம் பேசும் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. மார்த்தாண்டத்துக்கு ரயில் டிக்கெட் எடுப்பவர் நிலையப் பட்டியலில் ‘மார்த்தாண்டம்’ என்று தேடினால் சுற்றித்தான் வர வேண்டும். இந்த ஊருக்கான நிலையத்தின் பெயர் குழித்துறை. அதன் குறியீடு கே-இசட்-டி. ஊர் இருப்பதும் குழித்துறை நகராட்சியில்தான். நில ஆவணம் பார்க்கப் போனால் ஊர்ப் பெயர் மட்டும் போதாது. மாவட்டம், வட்டம், கிராமம் மூன்றையும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். விளவங்கோடு வட்டத்தில் இருந்த பல கிராமங்கள் இப்போது கிள்ளியூர் வட்டத்தில் இருக்கின்றன. பழைய நினைவில் வட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் கிராமத்தின் பெயர் பட்டியலிலேயே வராது.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஒரு சிக்கல். சுற்றுலாக்காரர்கள் கன்னியாகுமரியை ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘என்’ போட்டு எழுதுவார்கள். மாவட்ட நிர்வாகத்தின் இணைய முகவரியிலோ இரண்டு ‘என்’. அதன் பின் ‘ஐ’, ‘ஒய்’. மாவட்ட அளவிலான ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் வெளிவரும் தளம் அது. ஒருமுறை சரியாகத் தட்டி உள்ளே போய்விட்டு, முகவரிப் பட்டையில் உள்ள நட்சத்திரத்தை அழுத்திப் புக்மார்க் செய்துகொள்ளுங்கள். தினமும் போகும் தளத்தைத் தினமும் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

தேடும்போது முழு வாக்கியம் தேவையில்லை. ‘எனக்கு குரூப் 4 தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்கலாம் என்று தெரிய வேண்டும்’ என்பதைவிட ‘டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிக்கை’ என்பதோடு ஆண்டையும் சேர்த்தால் போதும். ஆண்டு முக்கியம். அதை விட்டால் முடிந்துபோன தேர்வின் அறிவிக்கையும் முதல் பக்கத்தில் வந்து நிற்கும்.

2. நான்கு குறிகளைக் கைப்பழக்கமாக்குங்கள்

கூகுள் தேடலில் நான்கு குறிகளைப் பயன்படுத்தத் தெரிந்தவர் மற்றவர்கள் அரை மணி நேரம் தேடுவதை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

மேற்கோள்குறி: இரட்டை மேற்கோளுக்குள் தட்டிய சொற்றொடர் அப்படியே, அதே வரிசையில் உள்ள பக்கங்கள் மட்டும் வரும். சுற்றறிக்கை எண், அரசாணைத் தலைப்பு போன்றவற்றுக்கு இது ஏற்றது.

கழித்தல் குறி: வேண்டாத சொல்லுக்கு முன்னால், இடைவெளி விடாமல் போடுங்கள். மார்த்தாண்டம் என்று தேடினால் மார்த்தாண்ட வர்மா மகாராஜாவும் கூடவே வருவார். கழித்தல் குறி போட்டு ‘வர்மா’ என்று தட்டினால் விலகிவிடுவார்.

சைட்: ஆங்கிலத்தில் எஸ், ஐ, டி, ஈ என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி இல்லாமல் தளத்தின் முகவரியைச் சேர்த்தால் அந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும். முகவரிக்குப் பதில் ‘ஜிஓவி.இன்’ என்று மட்டும் கொடுத்தால் அப்படி முடியும் இந்திய அரசுத் தளங்கள் முழுவதிலும் தேடும்.

ஃபைல்டைப்: இதையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகத் தட்டி, முக்காற்புள்ளி வைத்து ‘பிடிஎஃப்’ சேர்த்தால் பிடிஎஃப் கோப்புகள் மட்டும் வரும். அறிவிக்கை, படிவம், பாடத்திட்டம் எல்லாம் பெரும்பாலும் பிடிஎஃப்தான்.

ஒரு பயிற்சி. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேன் வியாபாரி ஒருவரின் கடையில் நீங்கள் வேலைக்கு இருக்கிறீர்கள். அதற்கான அரசு ஆவணத்தை எடுத்துத் தரச் சொல்கிறார். ‘மார்த்தாண்டம் தேன்’ என்று மட்டும் தட்டினால் பாட்டில் விற்பனை விளம்பரங்கள்தான் வரிசைகட்டும். ஆங்கிலத்தில் ‘மார்த்தாண்டம் ஹனி’ என்பதை மேற்கோள்குறிக்குள் போட்டு, பக்கத்தில் சைட், முக்காற்புள்ளி, ‘ஜிஓவி.இன்’ சேர்த்துப் பாருங்கள். கடைகள் ஒதுங்கி, அரசுப் பக்கங்கள் முன்னால் வரும். புவிசார் குறியீட்டைப் பதிவு செய்யும் அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. அதன் பதிவு விவரமும் அரசுத் தளத்தில்தான் கிடைக்கும். ‘நெட்டில் பார்த்தேன்’ என்று சொல்வதற்கும், பதிவு எண்ணோடு பிரிண்ட் எடுத்து வைப்பதற்கும் உள்ள தூரம்தான் உங்கள் சம்பளத்தை முடிவு செய்யும்.

நீளமான பக்கத்திலோ கோப்பிலோ ஒரு சொல்லைப் பிடிக்க கண்ட்ரோல், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். கைபேசியில் மூன்று புள்ளி மெனுவுக்குள் இதே வசதி உண்டு.

3. இரு மொழியிலும் தேடுங்கள்

தமிழ்நாடு அரசு ஒருங்குறியை, அதாவது யுனிகோடை, 2010-இல்தான் தன் தரமாக அறிவித்தது. அதற்கு முந்திய தமிழ்க் கோப்புகள் பலவும் வேறு வேறு எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டப்பட்டவை. கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் தேடுபொறிக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். ஸ்கேன் செய்து ஏற்றிய கோப்புகளிலும் இதே தொல்லை. ஆகவே தமிழில் தேடிக் கிடைக்காவிட்டால் ‘இல்லை’ என்று முடிவுகட்ட வேண்டாம். ஆங்கிலத்திலும் ஒருமுறை தேடுங்கள்.

தமிழ் தட்டத் தெரியாது என்பது இனி காரணமாகாது. கைபேசி விசைப்பலகையில் மைக் குறியை அழுத்திப் பேசினாலே எழுத்தாகும். அலுவலக வேலை என்றால் 1999-இல் அரசு தரப்படுத்திய தமிழ்99 விசைப்பலகையைப் பழகிக்கொள்வது பின்னாளில் கைகொடுக்கும்.

4. முகவரியைப் படித்த பிறகு அழுத்துங்கள்

தேடல் முடிவில் முதலில் வருவது சிறந்த பக்கம் என்று எண்ண வேண்டாம். ‘விளம்பரம்’ அல்லது ‘ஸ்பான்சர்டு’ என்று சிறிய எழுத்தில் இருந்தால் அது காசு கொடுத்துப் பிடித்த இடம். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதும் சுருக்கமும் மேலேயே வருகிறது. விஷயம் புரிந்துகொள்ள அது உதவும். ஆனால் கடைசித் தேதி, கட்டணம், வயது வரம்பு போன்றவற்றை அதிலிருந்து எடுக்காதீர்கள். பழைய ஆண்டு விவரத்தைப் புதியதுபோல் சொல்லிவிடும்.

முகவரியைப் படிக்க எளிய வழி: முன்னால் வரும் இரட்டைச் சாய்கோட்டுக்குப் பின், முதல் ஒற்றைச் சாய்கோடு வரைக்கும் உள்ள பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கடைசித் துண்டைப் பாருங்கள். ‘ஜிஓவி.இன்’ என்று முடிந்தால் அது அரசுக்கு மட்டுமே தரப்படும் முகவரி. ‘பாஸ்போர்ட்’, ‘ஜிஓவி’ என்ற சொற்களெல்லாம் நடுவில் இருந்து ‘.காம்’ என்றோ ‘.ஆர்க்’ என்றோ முடிந்தால் சந்தேகப்படுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பம் வாங்குவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் போலித் தளங்கள் பற்றி வெளியுறவு அமைச்சகமே எச்சரித்திருக்கிறது. பூட்டுப் படம் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் முடியாது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் தகவல் மறையாக்கமாகப் போகிறது என்று மட்டுமே அது சொல்கிறது. தளம் யாருடையது, நல்லவரா என்பதைச் சொல்லாது.

குமரி மாவட்டத்தில் இந்தப் பழக்கம் மிகவும் உதவும் இடம் வளைகுடா வேலை. ஏஜெண்ட் ஒருவர் விசா விளம்பரம் அனுப்பினால், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்துக்குப் போங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்த ஆள்சேர்ப்பு முகவர்களின் பட்டியல் அங்கே உண்டு. பெயரும் பதிவு எண்ணும் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற முகவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் இயங்குகிறது. அதன் தளத்திலும் காலியிடங்கள் வெளிவரும்.

5. இறக்கும் முன், இறக்கிய பின்

பச்சை நிறத்தில் பெரிதாக மின்னும் ‘டவுன்லோட்’ பொத்தான்கள் பெரும்பாலும் விளம்பரம். உண்மையான இணைப்பு கோப்பின் பெயரோடு சிறிதாக இருக்கும். கணினியில் இணைப்பின் மேல் சுட்டியை வைத்தாலே கீழ் மூலையில் அது போகும் முகவரி தெரியும். அழுத்தும் முன் படித்துவிடலாம்.

இறங்கும் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். படிவம் கேட்ட இடத்தில் ‘.பிடிஎஃப்’ வந்தால் சரி. ‘.எக்ஸ்இ’ வந்தால் அது கணினியில் ஓடும் நிரல், ‘.ஏபிகே’ வந்தால் கைபேசிச் செயலி. கல்யாணப் பத்திரிகை என்றும், போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்ஆப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறந்தவர்கள் வங்கிக் கணக்கை இழந்திருக்கிறார்கள். செயலி வேண்டுமென்றால் பிளே ஸ்டோருக்குப் போங்கள். அங்கேயும் வெளியிட்டவர் பெயரைப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.

இறக்கியதும் பெயரை மாற்றுங்கள். ‘டாகுமென்ட் (3)’ என்ற பெயரில் கிடக்கும் கோப்பு மறுநாளே காணாமல் போனதற்குச் சமம். ஆண்டு, மாதம், தேதி, பிறகு விஷயம் என்ற வரிசையில் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். கோப்புகள் தாமாகவே தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளும். விண்ணப்பத் தளங்கள் சில தமிழ்ப் பெயருள்ள கோப்பை ஏற்பதில்லை என்பதும் ஒரு காரணம். உலாவியில் இறக்கியவை எல்லாவற்றையும் பார்க்க கண்ட்ரோல், ஜே அழுத்துங்கள்.

அளவும் தெரிந்திருக்க வேண்டும். 1 எம்பி என்பது 1,024 கேபி. கைபேசியில் எடுத்த படம் எளிதில் 3 எம்பியைத் தாண்டும். விண்ணப்பமோ 50 கேபிக்குள் கேட்கும். படத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் உட்காருங்கள். சான்றிதழை வாட்ஸ்ஆப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பினால் தரம் குறையும். ‘டாகுமென்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே போகும்.

6. நெட் சென்டரில் ஐந்து நிமிடம் கூடுதலாக இருங்கள்

பொதுக் கணினியில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். டவுன்லோட்ஸ் கோப்புறையில் உங்கள் கோப்பை அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். ஆதார் விஷயத்தில் இது மிக அவசியம். தரவிறக்கிய இ-ஆதாரின் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான். உங்களைத் தெரிந்த யாரும் ஊகித்துவிடலாம். கேட்ட இடத்தில் எல்லாம் முழு எண்ணைத் தராமல், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை இறக்கிக் கொடுங்கள். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் உங்கள் சான்றிதழ்களைச் சேர்த்துவிட்டால் பென் டிரைவோடு அலைய வேண்டாம்.

7. இலவசத்திலும் நேர்வழி உண்டு

பாடநூல்களைத் தமிழ்நாடு அரசின் பாடநூல் தளத்தில் இறக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பல நூல்கள் மின்னுரையாக உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், ஈழத்து எழுத்துகளைத் திரட்டும் நூலகம் தளமும் இலவசம். இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டுகள் வரைதான் பதிப்புரிமை. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1954-இல் மறைந்தார். அவர் பாடல்களை எவரும் பகிரலாம். நேற்று வெளியான சினிமாவையும், விலை போட்டு விற்கும் வழிகாட்டி நூலையும் ‘இலவசமாக’ தரும் தளங்கள் சட்டத்துக்குப் புறம்பானவை. வைரஸுக்கும் அவையே வாசல்.

இதையெல்லாம் மீறிப் பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மூடி வைக்காதீர்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் முடக்க வாய்ப்பு அதிகம்.

அலுவலகத்தில் ஒரு தகவலைக் கொடுக்கும்போது மூன்று விவரத்தைச் சேர்த்துக் கொடுங்கள்: யார் வெளியிட்டது, எந்தத் தேதி, எந்த முகவரி. இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டவரிடம்தான் அடுத்த பெரிய வேலையை நம்பிக் கொடுப்பார்கள். இன்றைக்கே ரப்பர் வாரியத்தின் விலைப் பக்கத்தையும் மாவட்டத் தளத்தின் ஆள்சேர்ப்புப் பக்கத்தையும் தேடி எடுத்துப் புக்மார்க் செய்யுங்கள். பயிற்சி அங்கிருந்து தொடங்கட்டும்.