தறிக்கூடமே படுக்கையறை

கும்மிடிப்பூண்டி, காக்களூர் தொழிற்பேட்டைகளில் பொருளீட்டும் நம் பிள்ளைகள், ஓய்வுபெற்ற பெற்றோருக்கென மாடியில் அறை எழுப்புகின்றனர். நல்லெண்ணந்தான், ஆயினும் முழங்கால் நோவு கண்டபின் அம்மாடியே சிறையாகும்.

பொதட்டூர்ப்பேட்டை, அம்மையார்குப்பம் முதலிய நெசவூர்களில், குழித்தறியை நிறுத்திய தம்பதியர்க்குத் தறிக்கூடமே தக்க படுக்கையறை என்பது நம் கருத்து. அது தரைமட்டத்தில் உள்ளது. பல்லாண்டு பழகிய இடமுமாகும். செலவும் மாடியளவு ஆகாது.

குழியைத் தூர்ப்பதில் மட்டும் அவசரம் கூடாது. மண்ணை ஒரேயடியாகக் கொட்டினால் ஓராண்டில் தரை அமிழ்ந்து, இரவில் கால் இடறும். முதலில் புதைந்துள்ள மரக்கால்களைப் பெயர்த்தெடுக்க வேண்டும். விட்டால் கறையான் பற்றும். பின்னர் அரையடிக்கு ஓர் அடுக்காக மணலிட்டு, நீர்விட்டு, திமிசால் இறுக்குக. மேலே சொரசொரப்பான தளமே போதும். பளபளக்கும் டைல்ஸ் ஈரத்தில் வழுக்கும்.

வாசல் மூன்றடி அகலம் இருக்கட்டும். நாளை சக்கர நாற்காலி தேவைப்படலாம். கட்டில் உயரம் ஒன்றரை அடி. அமர்ந்தால் பாதம் தரையில் படியவேண்டும். கழிவறைக்குச் செல்லும் வழியில் நிலைப்படி வேண்டா.

கட்டிலை எப்பக்கம் இடுவது? அம்மையாரைக் கேளுங்கள், கொத்தனாருக்கு அது தெரியாது. படமரத்தையும் விறகுக்கு விற்றுவிடாதீர்கள். சுவரோரம் பொருத்தினால், அவர்களே நெய்த துப்பட்டியை மடித்துப் போட உதவும்.