நம் வீட்டிற்கு ஏற்ற பிரிண்டர்

1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சேறியது. அன்று அதற்கு அச்சுக்கூடமே வேண்டியிருந்தது. இன்று மேசைமேல் ஒரு பிரிண்டர் போதும். ஆனால் வேண்டிய நேரத்தில் அது உழைக்க வேண்டுமே!

சென்ற ஆண்டு அக்காவின் நுழைவுத் தேர்வுக்கு முதல் நாள் இரவு ஹால் டிக்கெட் எடுக்க முயன்றோம். மூன்று மாதம் சும்மா இருந்த எங்கள் பிரிண்டரிலிருந்து வெற்றுத்தாள்தான் வந்தது. விடியற்காலையில் அப்பா தாம்பரம் ரயில் நிலையத்தருகே கடை திறக்கக் காத்து நின்றார். கதவு சாத்தும் வேளையில்தான் அக்கா தேர்வுக்கூடத்தில் நுழைந்தாள்.

காரணம் என்ன? இங்க்ஜெட் பிரிண்டர் திரவ மையை நுண்துளைகள் வழியே தெளிக்கிறது. வண்ணப் படங்களுக்கு ஏற்றது. ஆனால் நெடுநாள் ஓய்ந்திருந்தால் மை உலர்ந்து துளைகள் அடைபடும். லேசர் பிரிண்டரோ மைத்தூளை மின்னூட்டத்தால் ஈர்த்து, வெப்பத்தால் தாளில் பதிக்கிறது. தூள் உலர்வதில்லை. ஆகவே எப்போதாவது கறுப்பெழுத்து மட்டும் எடுப்போருக்கு இதுவே நம்பகமானது. மின்சாரத்தை மிகுதியாக இழுப்பதால் இதனை வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்காதிருப்பது நலம்.

பிரிண்டரின் விலையை மட்டும் பார்க்காதீர்கள். கார்ட்ரிட்ஜ் விலையைப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 800 ரூபாய் கார்ட்ரிட்ஜ் 200 பக்கம் தந்தால், பக்கத்திற்கு 4 ரூபாய்! மைத்தொட்டி உள்ள இங்க்ஜெட் வாங்கும்போது விலை கூடுதல். பக்கச் செலவோ மிகக் குறைவு. நிறைய அச்சிடும் வீட்டுக்கு அது இலாபம்.

இங்க்ஜெட் வைத்திருப்போர் வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது எடுங்கள். சுவர் ஸ்விட்சுக்கு முன்னர் பிரிண்டரின் பொத்தானை அணையுங்கள். அப்போதுதான் மைமுனை மூடிக்கொள்ளும்.

‘ஆழமறியாமல் காலை விடாதே’ என்பர் பெரியோர். தேவையறிந்து வாங்கினால், அன்றிரவு நாங்கள் பட்ட கலக்கம் உங்களுக்கு நேராது.