ஒயர் ஸ்லீவுக்கு எந்தச் சூடு? டூவீலர் வேலை பழகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



நம் மஹல்லாவில் டூவீலர் மெக்கானிக் வேலை பழகும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். வீட்டு வாசலில் தம் பைக்கைத் தாமே பிரித்துப் பார்க்கும் கல்லூரி மாணவர்களும் உண்டு. அறுந்த ஒயரை ஒட்டி, அதன்மேல் ஸ்லீவ் மாட்டியதும், இவர்களில் பலருடைய கை தானாக லைட்டரைத் தேடுகிறது. அந்தச் சில நொடி வேலையைப் பற்றியதே இந்த மாதப் பாடம். தொழில் பழகுபவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் இதைப் படிக்க வேண்டும்.

ஸ்லீவ் எப்படிச் சுருங்குகிறது?

கடையில் மீட்டர் கணக்கில் வாங்கும் கறுப்பு ஸ்லீவ் பெரும்பாலும் பாலியோலிஃபின் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. தொழிற்சாலையில் அதைச் சிறிய குழாயாகச் செய்து, பிறகு சூட்டில் விரித்து, விரிந்த நிலையிலேயே ஆறவைக்கிறார்கள். மறுபடி சூடு பட்டால் அது தன் பழைய அளவுக்குத் திரும்புகிறது. "2:1" என்று போட்டிருந்தால் 6 மி.மீ. ஸ்லீவ் 3 மி.மீ. வரை சுருங்கும் என்று பொருள்.

அது சுருங்கத் தொடங்குவது சுமார் 90 டிகிரி செல்சியஸில். 120 டிகிரி அளவில் முழுவதும் சுருங்கிவிடும். நமக்குத் தேவையான சூடு அவ்வளவுதான். கொதிக்கும் தண்ணீரைவிடச் சற்று அதிகம், அவ்வளவே. இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

லைட்டர் ஏன் கூடாது?

லைட்டரின் சுடர் ஆயிரம் டிகிரியைத் தாண்டும். 120 டிகிரி போதும் என்ற இடத்தில் இதைக் காட்டினால் ஸ்லீவின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் சுருங்காமலே நிற்கும். கருகிய இடம் வெடிப்பு விடும். உள்ளே இருக்கும் ஒயரின் பி.வி.சி. உறையும் தப்பாது. சாதாரண பி.வி.சி. ஒயர்கள் தொடர்ந்து தாங்கும் சூடு 70 முதல் 105 டிகிரி வரைதான். சுடர் பட்ட உறை இளகி, ஆறியபின் விறைத்துப் போகும். இஞ்சின் அதிர்வில் அந்த இடம் விரியும், மழைநீர் இறங்கும், செம்பு பச்சை பூத்துப் போகும். ஒருநாள் ஹெட்லைட் அணையும், அல்லது ஷார்ட் ஆகும். அது இரவு நேரச் சாலையில் நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து பெட்ரோல். பைக்கில் ஒயர் அதிகம் அறுவது ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதியில்தான். அது பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிரதான ஒயரிங் கட்டு டேங்கின் அடியிலேயே ஓடுகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தரையோடு பரவி, பள்ளத்திலும் மூலையிலும் தேங்கும். பெட்ரோல் ஆவியாகிப் பற்றிக்கொள்ள வெயில் சூடுகூடத் தேவையில்லை. உறைபனிக் குளிரிலும் அது தீப்பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவிக்கு நடுவில்தான் பிள்ளைகள் லைட்டரைத் தட்டுகிறார்கள்.

எந்தக் கருவி எதற்கு உதவும்?

ஹீட் கன்: இந்த வேலைக்கே உரியது. பலவற்றில் இரண்டு நிலைகள் இருக்கும். ஒன்று 300 முதல் 350 டிகிரி, மற்றொன்று 500க்கு மேல். ஸ்லீவுக்குக் குறைந்த நிலை போதும். காற்று வாயை விட்டு வெளிவந்ததும் சூடு வேகமாகக் குறையும். எனவே தூரத்தைக் கூட்டிக் குறைத்து நாமே அளவை நிர்ணயிக்கலாம். ஸ்லீவைச் சுற்றி வளைக்கும் கரண்டி வடிவ வாய் கிடைத்தால் வாங்குங்கள். சூடு பின்பக்கமும் சீராகப் படும். 1800 வாட் கன் சுமார் 8 ஆம்பியர் இழுக்கும். ஆகவே 16 ஆம்பியர் பவர் பிளக்கில்தான் மாட்ட வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் போட வேண்டாம்.

ஹாட் ஏர் ஸ்டேஷன்: செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் இருப்பது. சூட்டையும் காற்றையும் நாம் சொன்ன அளவில் வைக்கலாம். காற்று வாய் சிறியது என்பதால் மெல்லிய ஒயருக்கும் நெருக்கமான இடத்துக்கும் ஏற்றது.

ஹேர் டிரையர்: மெல்லிய ஸ்லீவைச் சில சமயம் சுருக்கும், பல சமயம் பாதியில் நிற்கும். உட்புறம் பசை பூசிய தடித்த ஸ்லீவுக்கு இதன் சூடு போதாது.

சால்டரிங் அயர்ன்: வேறு வழியில்லாதபோது, மேசை மேல் வைத்துச் செய்யும் சிறிய ஸ்லீவுக்கு மட்டும். நுனியைப் படவிடாமல் தண்டுப் பகுதியை ஸ்லீவின் அருகே நகர்த்த வேண்டும். நுனி பட்டால் ஸ்லீவ் அறுந்துவிடும்.

மெழுகுவத்தி, சமையல் கேஸ் அடுப்பு, பெட்ரோல் ப்ளோ லாம்ப்: இவை எல்லாம் லைட்டரின் உறவுக்காரர்கள். வேண்டாம்.

ஹீட் கன்னும் பெட்ரோலும்

ஹீட் கன்னில் சுடர் இல்லை, அதனால் பயமில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பெட்ரோல் ஆவி 280 டிகிரி அளவுச் சூட்டில் தீப்பொறி இல்லாமலே பற்றக்கூடியது. கன்னின் உள்ளே கம்பிச் சுருள் சிவக்கச் சிவக்கக் காய்கிறது. மோட்டாரில் சிறு பொறியும் எழும். ஆகவே நல்ல கருவி கையில் இருந்தாலும் இடத்தைச் சுத்தம் செய்த பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

செய்முறை

1. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள்.

2. டேங்கைக் கழற்றி, மூடி இறுக்கி, வேறு இடத்தில் வையுங்கள். எஃப்.ஐ. வண்டிகளில் பெட்ரோல் குழாயில் அழுத்தம் இருக்கும். தெரிந்தவர் துணையில்லாமல் கை வைக்க வேண்டாம். சிந்திய பெட்ரோலைத் துடைத்து, துணியை வெளியே போடுங்கள். வண்டியைத் திறந்தவெளிக் காற்றில் வைத்து, வாடை முற்றிலும் போகும்வரை பொறுங்கள்.

3. ஒட்டுவதற்கு முன்பே ஸ்லீவை ஒயரில் நுழைத்துத் தள்ளி வையுங்கள். ஒட்டின் இரு பக்கமும் ஒரு செ.மீ. மூடும் அளவு நீளம் வேண்டும். மழை படும் இடத்துக்குப் பசை பூசிய ஸ்லீவ்தான் நல்லது.

4. பக்கத்து ஒயர்களை அலுமினியத் தாளால் மறையுங்கள்.

5. கன்னை ஒரே இடத்தில் நிறுத்தாமல், நடுவில் தொடங்கி இரு முனைகளுக்கும் நகர்த்துங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும். ஒட்டின் வடிவம் ஸ்லீவின் மேல் தெரிந்ததும், பசை ஸ்லீவாக இருந்தால் இரு முனையிலும் பசை எட்டிப் பார்த்ததும், நிறுத்துங்கள். ஆறும்வரை ஒயரை அசைக்க வேண்டாம்.

6. புதிய கருவியை முதலில் வெட்டிப் போட்ட ஒயர்த் துண்டில் பழகிப் பாருங்கள்.

தீ பிடித்துவிட்டால்

பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எரியும் பெட்ரோல் தண்ணீரோடு பரவும். பக்கத்தில் ஒரு வாளி மணலும், உலர் பொடித் தீயணைப்பானும் இருக்க வேண்டும். தீ பெரிதானால் வண்டியை விட்டுவிட்டு வெளியேறி 101 அல்லது 112க்கு அழையுங்கள். உடம்பில் சூடு பட்டால், குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து விடுங்கள். பற்பசை, இங்க், நெய் எதையும் பூச வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வேலைக்குச் சேர்க்கும்போது கூலியைக் கேட்கிறோம், நேரத்தைக் கேட்கிறோம். கடையில் ஹீட் கன் இருக்கிறதா, மணல் வாளி இருக்கிறதா என்றும் கேளுங்கள். தனித்தனியே வாங்க வசதியில்லாத சிறு கடைக்காரர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு ஹீட் கன் வாங்கிக்கொள்ளலாம். வாடிக்கையாளர் நம்மிடம் விடும் வண்டி ஓர் அமானிதம். நம்மிடம் வேலை பழக வந்த பிள்ளை அதைவிடப் பெரிய அமானிதம்.

வீட்டில் பிள்ளைகளிடம் கேட்க:

1. ஸ்லீவ் முழுவதும் சுருங்க எத்தனை டிகிரி சூடு போதும்?
2. பெட்ரோல் ஆவி தரையில் தேங்குவது ஏன்?
3. ஹீட் கன்னையும் பெட்ரோல் அருகே போடக் கூடாது என்பது ஏன்?
4. பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டிய முனை எது?